சண்டிகர் ராக் கார்டனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

பொகவந்தலாவைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் மூன்று கேள்விகளை அனுப்பியிருக்கிறார். வரும் விடுமுறையில் குடும்பத்தோடு டில்லியிலிருந்து அமிர்தசரஸ் வரை செல்லும் வழியில் சண்டிகரில் இறங்கி ராக் கார்டனைப் பார்ப்பது தகுமா, உள்ளே எதை எப்படிப் பார்க்க வேண்டும், ஊர் திரும்பியபின் தம் பாடசாலை வளவிலும் உடைந்த பொருள்களை வைத்து அத்தகைய ஒன்றை மாணவர்களைக் கொண்டு செய்விக்க முடியுமா என்பவை அவர் கேட்டவை. நெடுங்காலம் அட்டன் பகுதியில் சித்திரப் பாடம் கற்பித்தவன் என்ற முறையிலும், அந்தச் சிற்பப் பூங்காவை நேரில் பார்த்தவன் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

முதற் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன், டீச்சர்: அவசியம் பாருங்கள். ஆனால் ரயிலுக்கு நேரமிருக்கிறது என்பதற்காக ஒரு மணித்தியாலத்தில் ஓடிப் பார்த்துவிட்டு வருவதாக இருந்தால் வேண்டாம். முழுக் காலைப் பொழுது ஒன்றைக் கொடுங்கள். “குப்பையில் செய்த பொம்மைகள்” என்று கேள்விப்பட்டுப் போகிறவர்கள் குப்பையையும் பொம்மைகளையும் மட்டுமே பார்த்துவிட்டு வருகிறார்கள். அதைச் செய்தவர் யார், அந்தப் பொருள்கள் எங்கிருந்து வந்தன என்பதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு அங்கே ஒவ்வொரு சுவரும் படிக்கத்தக்கதாகிவிடும்.

அதைச் செய்தவர் நேக் சந்த் சைனி. 1924ஆம் ஆண்டு டிசம்பரில், இன்று பாகிஸ்தானின் பஞ்சாபில் இருக்கும் ஷக்கர்கட் பகுதியின் கிராமம் ஒன்றில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் பிறந்த மண்ணை விட்டுக் குடும்பத்தோடு இந்தியப் பக்கம் வந்தவர்களுள் அவரும் ஒருவர். லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டதால் இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் ஒன்று தேவைப்பட்டது. அதற்காகச் சிவாலிக் மலையடிவாரத்தில் லெ கொர்பூசியே என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி சண்டிகர் எழுந்தது. 1950களின் தொடக்கத்தில் அங்கே பொதுப்பணித் துறையில் வீதிப் பரிசோதகராக வேலைக்குச் சேர்ந்தார் நேக் சந்த். கலைக் கல்லூரி எதிலும் படித்தவரல்லர்.

இப்போது கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. சண்டிகர் வெற்று நிலத்தில் எழுந்த நகரமன்று. அந்த இடத்தில் இருந்த பல கிராமங்களை இடித்து அகற்றிவிட்டே அதைக் கட்டினார்கள். வீடுகளின் செங்கல்லும், உடைந்த பானைகளும், பீங்கான்களும், மக்கள் எடுத்துச் செல்ல முடியாமல் போட்டுவிட்டுப் போன தட்டுமுட்டுச் சாமான்களும் குவியல் குவியலாகக் கிடந்தன. தன் கிராமத்தை ஏற்கெனவே ஒருமுறை இழந்த மனிதர், வேறு மனிதர்களின் இடிந்த கிராமங்களுக்கு நடுவே நாள்தோறும் வேலை பார்த்தார். மௌசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும் காலங்களில், அதில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரத்தின் வழிபாட்டிடங்கள் சேற்றிலிருந்து தலைகாட்டுவதையும், அங்கே வாழ்ந்த குடும்பத்து முதியவர்கள் கரையில் நின்று “கடைவீதி இதுதான், கோயில் வாசல் இதுதான்” என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவதையும் பார்த்த நம்மவர்களுக்கு நேக் சந்தைப் புரிந்துகொள்ள நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. மஸ்கெலியாக்காரர்களுக்கு நினைவு மட்டுமே மிஞ்சியது. நேக் சந்தின் கையில் பொருள்களும் மிஞ்சின, அவற்றை அவர் பொறுக்கத் தொடங்கினார்.

1950களின் பிற்பகுதியிலிருந்து, வேலை முடிந்த நேரங்களில், சைக்கிளில் போய் அவற்றைச் சேகரித்தார். ஆற்றுப் படுகைகளில் கிடந்த விசித்திர வடிவக் கற்களையும் சுமந்து வந்தார். நகரத்தின் வட எல்லையில், சுக்னா ஏரிக்குப் பக்கத்தில், எந்தக் கட்டுமானமும் செய்யக் கூடாதென்று அரசு ஒதுக்கி வைத்திருந்த காட்டுப் பள்ளம் ஒன்றைத் தேர்ந்து, புதரை வெட்டிக் குடிசை போட்டு, பல ஆண்டுகள் சேர்த்தபின்பே அடுக்கவும் கட்டவும் ஆரம்பித்தார். இரவில் பழைய டயர்களைக் கொளுத்திய வெளிச்சத்தில் வேலை நடந்தது. அரசாங்க ஊழியர் ஒருவர் அரசாங்கக் காணியில் அனுமதியின்றிக் கட்டுவது வெளியே தெரிந்தால் வேலையும் போகும், கட்டியதும் இடிபடும். ஆகையால் மனைவியையும் நெருங்கிய சிலரையும் தவிர எவருக்கும் அது தெரியாது.

1970களில் அதிகாரிகளின் கண்ணில் பட்டபோது அது பன்னிரண்டு ஏக்கர் அளவுக்குப் பரவியிருந்தது. சட்டப்படி இடித்திருக்க வேண்டும். ஆனால் செய்தி பரவி, பார்க்க வந்த மக்கள் கூட்டமும், அதன் பெறுமதியை உணர்ந்த சில அதிகாரிகளின் ஆதரவும் அதைக் காப்பாற்றின. 1976ஆம் ஆண்டு தொடக்கத்தில் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நேக் சந்துக்குச் சம்பளத்தோடு “ராக் கார்டன் உபகோட்டப் பொறியியலாளர்” என்ற பதவியும், ஐம்பது தொழிலாளர்களும் கொடுக்கப்பட்டார்கள். 1983இல் அந்தப் பூங்கா இந்திய அஞ்சல் முத்திரையில் இடம்பெற்றது, 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம், தொண்ணூறாவது வயதில் காலமாகும்வரை அந்த வேலையோடேயே வாழ்ந்தார்.

உலகில் இப்படித் தாமாகக் கற்று ஓர் உலகத்தையே கட்டியெழுப்பியவர்கள் வேறு சிலரும் உண்டு. பிரான்சில் ஃபெர்தினான் ஷெவால் என்ற தபால்காரர் தபால் கொடுக்கும் வழியில் கற்களைப் பொறுக்கி, 1879 முதல் முப்பத்து மூன்று ஆண்டுகளில் தம் கனவு மாளிகையைக் கட்டினார். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சைமன் ரோடியா என்ற தொழிலாளி 1921 முதல் 1954 வரை இரும்புக் கம்பியும் சீமெந்தும் ஓடும் பீங்கானும் கொண்டு வாட்ஸ் கோபுரங்களைத் தனியாளாக எழுப்பினார். இவர்கள் மூவரையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இவர்களுடைய கலைக்கு ஊற்று அன்றாட வேலைதான். தபால்காரருக்குக் கல்லைக் கொடுத்தது அவர் நடந்த பாதை. வீதிப் பரிசோதகருக்குச் செங்கல்லையும் தார்ப் பீப்பாயையும் காட்டிக் கொடுத்தது அவர் மேற்பார்வை செய்த வீதி. ஓய்வு நேரத்துக் கலை என்று இவற்றைச் சொல்வது எனக்கு ஒப்புதலில்லை.

இனி, உள்ளே எப்படிப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன். பூங்கா இன்று சுமார் நாற்பது ஏக்கர் அளவில், மூன்று கட்டங்களாக விரிந்திருக்கிறது. பாதை பெரும்பாலும் ஒரே திசையில் செல்வது, விட்டதைப் பார்க்கத் திரும்பி வருவது எளிதன்று. இதனால் பலரும் முற்பகுதியை வேகமாகக் கடந்துவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். உள்ளே நுழைந்தவுடன் சிற்பங்களைத் தேடாமல் முதலில் சுவர்களையும் வாசல்களையும் பாருங்கள். வாசல்கள் தாழ்வாக இருக்கும், வளர்ந்தவர் குனிந்துதான் போக வேண்டும். இது தெய்வங்களும் அரசர்களும் வாழும் ஒரு நாடு என்றே நேக் சந்த் கற்பனை செய்தார், வருகிறவர் தலை தாழ்த்தி வரவேண்டும் என்று விரும்பினார். குறுகிய நடை ஒன்றில் நெருக்கமாக நடந்து, குனிந்து வெளியே வந்ததும் திடீரென ஒரு முற்றம் விரியும், அதில் ஆற்றுக் கற்கள் அரச சபையில் அமர்ந்தவர்களைப் போல நிறுத்தப்பட்டிருக்கும். அந்தக் கற்களில் உளி படவில்லை. எந்தக் கல் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று தீர்மானித்ததில்தான் அங்கே சிற்பி வெளிப்படுகிறார்.

சுவர்களில் எண்ணெய்ப் பீப்பாய்களுக்குள் கொங்கிரீட் ஊற்றி இறுகியபின் பீப்பாயைக் கழற்றிய தூண்களைக் காண்பீர்கள், தகரத்தின் வரிகள் அப்படியே கொங்கிரீட்டில் பதிந்திருக்கும். கட்டட வேலைத் தளங்களில் நனைந்து இறுகிப்போன சீமெந்து மூட்டைகள், சாக்கின் மடிப்பு அழியாமல், கற்களைப் போல அடுக்கப்பட்டிருக்கும். பானைகள் வாய் வெளியே தெரியும்படி வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். மின்சாரப் பியூஸ் பொருத்தும் வெள்ளைப் பீங்கான் துண்டுகளே ஒரு சுவர் முழுவதையும் மூடியிருக்கும் இடத்தில் சற்று நில்லுங்கள். தூரத்தில் அது ஏதோ பழைய அரண்மனையின் செதுக்கு வேலையாகத் தோன்றும், நெருங்கிப் போனால் நம் வீட்டுக் கூரையடியில் கிடக்கும் பியூஸ் கட்டை என்று தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதுதான் அவருடைய திறமை.

அதிக நேரத்தை இரண்டாம் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மனித உருவங்களும் மிருகங்களும் ஆயிரக்கணக்கில் நிற்பது அங்கேதான். குடம் சுமக்கும் பெண்கள், வாத்தியக்காரர்கள், சிப்பாய்கள், குரங்குகள், குதிரைகள், மயில்கள் என்று மேடு மேடாக, படிப்படியாக நிற்பார்கள். செய்முறை நம் கோயில் கோபுரங்களில் சிற்பாசாரிகள் செய்யும் சுதை வேலைக்கு உறவானது. உள்ளே இரும்புக் கம்பி, அல்லது கைவிடப்பட்ட சைக்கிள் சட்டகம். சைக்கிளின் முன் கவைகள் கால்களாகும், இருக்கை மிருகத்தின் தலையாகும். அதன்மேல் சீமெந்துக் கலவை. கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே உடைந்த வளையல், பீங்கான், ஓடு முதலியவற்றைப் பதித்துவிடுவார்கள். சில உருவங்களுக்கு முடிதிருத்தும் கடைகளில் கூட்டி எடுத்த உண்மையான மயிரே வைக்கப்பட்டது.

வளையல் பெண்களை மட்டும் அருகில் போய்ப் பாருங்கள், தொட வேண்டாம். கண்ணாடி வளையல் உடைந்தால் வளைந்த சிறு துண்டுகள் கிடைக்கும் அல்லவா, அந்த வளைவை வீணாக்காமல் ஒன்றை ஒட்டி ஒன்றாக அடுக்கிப் பாவாடையின் கொசுவமாக்கியிருக்கிறார். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறம் பிரித்து, பட்டை பட்டையாக. வெயில் சரிவாக விழும் காலை நேரத்தில் அந்த விளிம்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியே மின்னும். முகமோ சீமெந்தின் சாம்பல் நிறத்திலேயே, கண்ணும் வாயும் மட்டும் குறிப்பாக, எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்கும். அலங்காரம் முழுவதையும் ஆடைக்குக் கொடுத்துவிட்டு முகத்தை மௌனமாக விட்ட அந்தத் தீர்மானத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சிலர் “எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றனவே” என்று குறைப்படுவதுண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஐயனார் கோயில் முன் வரிசையாக நிறுத்தப்படும் மண் குதிரைகளைப் போலவே இவற்றையும் பார்க்க வேண்டும். தனிக் குதிரையொன்றை எடுத்து ஆராய்ந்தால் அதில் நுணுக்கம் குறைவாகவே இருக்கும், கூட்டமாக நிற்கும்போதுதான் அவற்றுக்குச் சக்தி வருகிறது. நேக் சந்த் அருங்காட்சியகத்துக்கென்று தனிச் சிலை செய்யவில்லை. ஊர் ஒன்றைக் குடியமர்த்தினார், ஊரென்றால் கூட்டம் வேண்டும். அவருடைய உருவங்கள் சில அமெரிக்காவின் ஷெபொய்கன் நகரத்துக் கலை மையத்திலும் வேறிடங்களிலும் பாதுகாக்கப்படுகின்றன, 1980களில் வாஷிங்டன் சிறுவர் அருங்காட்சியகத்திலும் அவர் ஒரு பூங்காவை அமைத்தார். இருந்தாலும் சண்டிகரின் பள்ளத்தில் ஒரு சரிவு முழுவதும் அவை நம்மைப் பார்த்தபடி நிற்பதற்கு எதுவும் ஈடாகாது.

மூன்றாம் கட்டம் பெரிய நீர்வீழ்ச்சிகள், வளைவுகளில் தொங்கும் ஊஞ்சல்கள், திறந்தவெளி அரங்கு என்று விழா நிலம் போன்றது. பிள்ளைகள் மகிழ்வார்கள், அவர்களை ஊஞ்சலில் விட்டுவிட்டு நீங்கள் இளைப்பாறலாம். என் மதிப்பீட்டில் கலையின் உச்சம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

பாதுகாப்பைப் பற்றியும் தெரிந்திருப்பது நல்லது. 1990ஆம் ஆண்டளவில் வீதியொன்றுக்காகப் பூங்காவின் ஒரு பகுதியை இடிக்க புல்டோசர்கள் வந்தபோது நகர மக்கள் கைகோத்து அரணாக நின்று தடுத்தார்கள். 1996இல் அவர் விரிவுரைப் பயணமாக வெளிநாடு சென்றிருந்த வேளையில் அரசின் நிதியுதவி நின்றது, பல உருவங்கள் விஷமிகளால் உடைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு வெளிநாட்டு ஆர்வலர்களும் சேர்ந்து நேக் சந்த் அறக்கட்டளையை நிறுவினார்கள். 2025 மார்ச்சில் வீதி விரிவாக்கத்துக்காக வெளிச்சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது, நகரத்தார் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அனுமதியின்றிக் கட்டப்பட்ட ஒன்று அனுமதியோடு நிலைத்திருப்பதற்கே இவ்வளவு போராட வேண்டியிருக்கிறது. உருவங்களின்மீது சாய்ந்து படமெடுக்கிறவர்களைப் பார்க்கும்போது நான் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன், நீங்களும் சொல்லுங்கள்.

பயணத்துக்கு வேண்டியவை சில. டில்லியிலிருந்து சண்டிகர் ஏறத்தாழ 250 கிலோமீற்றர், சதாப்தி விரைவு ரயில் மூன்றரை மணித்தியாலம் அளவில் கொண்டுபோய்ச் சேர்க்கும். மே, ஜூன் மாதங்களில் வெப்பம் நாற்பது பாகையைத் தாண்டும், நம் குளிருக்குப் பழகிய உடம்பு அதைத் தாங்காது. டிசம்பர் பிற்பகுதியிலும் ஜனவரியிலும் பனிமூட்டம் ரயில்களைத் தாமதமாக்கும். ஒக்டோபர், நவம்பர், அல்லது பெப்ரவரி, மார்ச் மாதங்கள் மிகப் பொருத்தமானவை. ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள், குறுகிய பாதைகளில் கூட்டம் பின்னாலிருந்து தள்ளும். படிகளும் சரிவுகளும் நிறைய இருப்பதால் முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் கூட வந்தால் நிதானமாக நடக்க வேண்டும், வழுக்காத சப்பாத்து அணிந்து கொள்ளுங்கள். மாலையில் பக்கத்திலுள்ள சுக்னா ஏரிக்கரையில் இருக்கலாம். 1958இல் அணைகட்டி உருவாக்கிய ஏரி அது. 2016இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த லெ கொர்பூசியேயின் தலைநகர வளாகமும் அருகிலேயே இருக்கிறது. முடிந்தால் இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள். நேர்கோட்டுக் கொங்கிரீட் நகரம் ஒருபக்கம், அதே நகரத்தின் கழிவிலிருந்து வளைந்து வளைந்து செல்லும் நாடு மறுபக்கம் என்று ஒன்றை ஒன்று விளக்கும்.

பாடசாலையில் செய்வது பற்றிய மூன்றாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. செய்யலாம். ஆனால் நேக் சந்தின் உருவங்களைப் பார்த்து வளையல் பெண்ணையும் மயிலையும் பிரதி செய்யாதீர்கள். அவருடைய வழிமுறையை எடுத்துக்கொள்ளுங்கள்: முதலில் சேகரிப்பு, பிறகு வகைபிரிப்பு, அதன் பிறகுதான் உருவம். ஒரு தவணை முழுவதும் மாணவர்கள் எதையும் செய்யாமல் கொண்டுவந்து சேர்த்து, நிறம் வாரியாகவும் வடிவம் வாரியாகவும் பிரித்து அடுக்கட்டும். நம் தோட்டங்களில் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றிக் கிடைப்பது என்ன? காதறுந்த தேநீர்க் கோப்பைகள், எனாமல் உதிர்ந்த சட்டிகள், சைக்கிள் உதிரிகள், மறுநடுகைக்காகப் பிடுங்கிப் போட்ட தேயிலை மரங்களின் வேர்க்கட்டைகள். அந்த வேர்க்கட்டைகளில் பெஞ்சுக்குக் கால் செய்து சிலர் விற்கிறார்கள், நாமோ விறகாக எரிக்கிறோம். கவ்வாத்துக் கத்தி பட்டுப் பட்டு முடிச்சேறிய ஒரு தேயிலைக் கட்டையைக் கழுவி வெயிலில் காயவைத்து ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் என்ன உருவம் இருக்கிறதென்று அந்தப் பிள்ளை சொல்லிவிடும். நேக் சந்துக்கு ஆற்றுக்கல் எப்படியோ நமக்கு அந்த வேர் அப்படி. தாத்தா பாட்டியின் கை பட்ட செடியாகவும் அது இருக்கக்கூடும்.

செய்முறையில் நம் நாட்டு நிலைமைக்கேற்ற கவனம் தேவை. பொகவந்தலாவையிலும் அட்டனிலும் தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்யும் காலத்தில் சீமெந்து வேலை செய்யாதீர்கள், ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட மாதங்களே உகந்தவை. பூசிய உருவத்தை ஈரச் சாக்கால் மூடி ஒரு வாரமாவது தண்ணீர் தெளித்து வாருங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். உள்ளே வைக்கும் கம்பியின்மேல் ஓரங்குலமாவது கலவை மூடியிருக்க வேண்டும், மெல்லிய பூச்சென்றால் மழைநீர் இறங்கித் துரு கிளம்பி உருவத்தைப் பிளந்துவிடும். கண்ணாடித் துண்டுகளை மாணவர் கையில் கொடுக்க வேண்டாம். பீங்கானைச் சாக்குக்குள் வைத்துப் பெரியவர் ஒருவர் உடைத்து, விளிம்புகளைக் கல்லில் தேய்த்தபின்பே கொடுக்கலாம், கையுறை கட்டாயம்.

இடத்துக்காக மண்மேட்டை வெட்டாதீர்கள். மண்சரிவு அபாயமுள்ள நம் மாவட்டங்களில் சரிவை வெட்டுவதற்கு முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெற வேண்டும், ஏற்கெனவே இருக்கும் கல்கட்டின் முகப்பே உங்களுக்கு நல்ல சுவராக அமையும். அதில் நீர் வடியும் துவாரங்கள் இருக்கும், எவ்வளவு அழகான பீங்கான் கிடைத்தாலும் அவற்றை அடைத்துவிடக் கூடாது. அதிபரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். சேகரித்தவற்றைக் கூரையுள்ள இடத்தில் வையுங்கள். வெளியில் வைக்க நேர்ந்தால் கோப்பை, சட்டி, டயர் எதிலும் மழைநீர் தேங்காதபடி கவிழ்த்தோ துளையிட்டோ வையுங்கள், ஏனெனில் டெங்கு நுளம்புக் குடம்பிகள் கண்டுபிடிக்கப்பட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முழுச் சேகரிப்பையும் அகற்றச் சொல்லிவிடுவார், அப்படிச் சொல்வது அவருடைய கடமை. சுவரில் பானை பதிப்பதாக இருந்தால் அதன் வாய் கீழ்நோக்கிச் சற்றே சரிந்திருக்கும்படி பதியுங்கள்.